மதுரையிலிருந்து ஒரு நாள் தீவுப் பயணம்: குருசடையா, காரங்காடா, தேக்கடியா?

அரையாண்டுத் தேர்வு முடிந்தாலும் சரி, முழு ஆண்டு விடுமுறை தொடங்கினாலும் சரி, சொந்தபந்தத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்கள். "தீவு மாதிரி ஒரு இடம் வேணும், பிள்ளைக படகுல ஏறணும், மிருகமோ பறவையோ கண்ணுல படணும், ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துறணும். எங்கண்ணே போறது?"

மதுரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு மூன்று நல்ல விடைகள் உண்டு. கிழக்கே போனால் பாம்பனும் அதை ஒட்டிய குருசடைத் தீவும். அதே கிழக்குக் கரையில், கொஞ்சம் வடக்கே, தொண்டி பக்கம் காரங்காடு அலையாத்திக் காடு. மேற்கே போனால் தேக்கடி ஏரி. மூன்றுக்கும் நான் குடும்பத்தோடு போய்வந்திருக்கிறேன், சிலவற்றுக்குப் பலமுறை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் நல்ல இடம். ஆனால் ஆள் மாறினால், மாதம் மாறினால் விடையும் மாறும்.

ராட்டினமும் நீர்ச் சறுக்கும் மட்டும்தான் ஆசை என்றால் இவ்வளவு தூரம் எதற்கு? பரவை பக்கம் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் சாயங்காலம் வரை ஆடிவிட்டு வரலாம். உயிருள்ள காடும் கடலும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல் பகல். ஒரு நாள் பயணத்தில் முதலில் தீர்ந்துபோவது காசு இல்லை, வெளிச்சம். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி என்றால் ஏழு மணி நேரம் சாலைக்கே போய்விட்டது. மிச்சத்தில் சாப்பாடு, கழிப்பறை, டிக்கெட் வரிசை எல்லாம் கழித்துப் பாருங்கள்.

இரண்டாவது, காற்று. கடலில் படகு போகுமா போகாதா என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. மூன்றாவது, பார்க்க நினைக்கும் உயிர் கட்டாயம் கண்ணில் படுமா, அல்லது அதிர்ஷ்டமா? நான்காவது, கூட வருவது யார். மூட்டு வலி உள்ள அம்மாவும் நான்கு வயதுக் குழந்தையும் ஒரே வண்டியில் இருந்தால் பாதிப் பயணத்தை அவர்களே தீர்மானித்துவிடுவார்கள். கடைசியாக, டிக்கெட்டில் எழுதாத செலவுகள்.

"நிஜமாகவே தீவா?" என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்தது என் தங்கை மகள். முதல்முறை தேக்கடிக்குக் கூட்டிப்போனபோது, படகில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, "மாமா, தீவுன்னா நாலு பக்கமும் தண்ணி இருக்கணும்ல?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தீவு என்று வாக்குக் கொடுத்திருந்தால் தீவுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

| | குருசடை, தனுஷ்கோடி | காரங்காடு | தேக்கடி |
|---|---|---|---|
| மதுரையிலிருந்து ஒரு வழி | ஏறக்குறைய 170 கி.மீ., தனுஷ்கோடி வரை போனால் 190 | ஏறக்குறைய 120 கி.மீ. | ஏறக்குறைய 140 கி.மீ. |
| சாலையில் நேரம் | 3 முதல் 4 மணி | 2½ முதல் 3 மணி | 3½ மணி, கடைசியில் மலைப்பாதை |
| தீவா? | ஆம் | இல்லை, கழிமுகக் காடு | இல்லை, காடு சூழ்ந்த ஏரி |
| படகு | கடலில் இயந்திரப் படகு | கால்வாயில் படகு, துடுப்புப் படகு | ஏரியில் பெரிய படகு, மூங்கில் தெப்பம் |
| கண்ணில் படுபவை | பவளப்பாறை, கடல் உயிர்கள், பனிக்காலத்தில் பூநாரை | நண்டு, கொக்கு, நாரை, ஆலா, அலையாத்தி மரங்கள் | யானை, காட்டுமாடு, கடமான், நீர்நாய், நீர்க்காகம் |
| நல்ல மாதங்கள் | தை முதல் பங்குனி வரை | மார்கழி முதல் பங்குனி வரை | மாசி முதல் சித்திரை வரை |

## குருசடையும் தனுஷ்கோடியும்

கேட்டதில் பெரும்பகுதியைத் தரக்கூடியது இந்தப் பயணம்தான். ஏமாற்றக்கூடியதும் இதுதான்.

பாம்பன் தீவே ஒரு தீவு. 1988-இல் சாலைப் பாலம் வரும்வரை வண்டியில் அங்கே போக வழியில்லை, ரயில்தான். 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளத்துக்கு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பிள்ளைகளோடு ரயிலில் போனால் அந்தப் பாலத்தைக் கடக்கும் சில நிமிடங்களே ஒரு சவாரி. ஆனால் காலை ரயிலில் போய் இறங்குவதற்குள் முற்பகல் ஆகிவிடும். குருசடைக்கும் போக வேண்டும் என்றால் வண்டிதான் சரி.

தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவதுதான் இந்தப் பயணத்தின் உயிர். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். அந்த 21-இல் இரண்டு இப்போது நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறைகளைக் கட்டடக் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது, அலையைத் தடுக்கும் அரணே போய்விட்டது. மிச்சத் தீவுகளில் நினைத்தபடி கால் வைக்க முடியாது. குருசடைக்கு மட்டும் வனத்துறை பாம்பனை ஒட்டிய குந்துகாலிலிருந்து படகில் கூட்டிப்போகிறது. சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் வந்து இறங்கிய இடம் அதே குந்துகால்தான். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நினைவு மண்டபத்தைப் பார்த்துவிடலாம்.

குருசடையில் இறங்கியதும் நடை வேறு மாதிரி ஆகிவிடும். காலடியில் மணலோடு பவளத் துண்டுகளும் கிடக்கும். ஓட்டாஞ்சில்லுகளின் மேல் நடப்பது போலக் கலகலவென்று சத்தம் வரும். என் தங்கை மகள் அதில் ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தாள். உள்ளங்கை அகலம், மேலெல்லாம் சிறு சிறு நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது என்று கூட வந்த வழிகாட்டி சொன்னார். அவள் அதைப் பைக்குள் போடப் போனபோது, "வச்சிரும்மா, இது தீவுக்குச் சொந்தம்" என்றார். அவள் எடுத்த இடத்திலேயே குனிந்து வைத்தாள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். யாராவது பவளத்தை விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பிற்பகலுக்குத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரும், அன்றிரவு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலோடு போன கதையைப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இடிந்த தேவாலயச் சுவரைப் பார்க்கும்போது அவர்களுக்குப் புரியும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் முன்புபோல் மணலில் வேன் பிடித்துப் போக வேண்டியதில்லை. பனிக்காலத்தில் போனால் சாலையோரத் தேங்குநீரில் பூநாரைகளைப் பார்க்கலாம். தூரத்தில் வெளிர் ரோஜா நிறக் கோடு போலத் தெரியும். பறந்தால்தான் சிறகின் சிவப்பும் கறுப்பும் தெரியும். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், ஏறக்குறைய 525 ஹெக்டேர். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். கிட்டே போகிறேன் என்று சேற்றில் இறங்க வேண்டாம், கூட்டமே கலைந்துவிடும். அரிச்சல்முனையில் குளிக்கவும் கூடாது. இரண்டு கடலும் சந்திக்கும் இடம், இழுப்பு அதிகம். இருட்டும் முன் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இனி காற்று. பாம்பன்காரர்கள் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் அடங்கியிருக்கும். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில் அது கொந்தளிக்கும். குருசடை இருப்பது தென்கடலில். இது தெரியாமல் ஓர் ஆனி மாதம் வண்டி பிடித்துப் போனோம். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, வழியில் இட்லி கட்டிச் சாப்பிட்டு, குந்துகாலில் போய் நின்றால் படகு இல்லை. காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்குப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. முதல் நாளே விசாரிக்காதது என் தவறு. பிள்ளைகள் கரையில் நின்று எதிரே தெரிந்த தீவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறைந்த செலவு இங்கே கோயில். ராமேஸ்வரம் வரை போய்விட்டுச் சாமி கும்பிடாமல் திரும்ப வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 22 தீர்த்தம் ஆடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், கூட்ட நாளில் அதற்கும் மேல். மதியம் நடை சாத்திவிட்டால் மூன்று மணி வரை காத்திருக்க வேண்டும். குருசடை, கோயில், தனுஷ்கோடி மூன்றும் ஒரே பகலில் அடங்காது. அதோடு திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கம் உண்டு. போக வர 400 கி.மீ. ஓட்டிய டிரைவர் இரவு ஒன்பது மணிக்கு மானாமதுரை தாண்டும்போது களைத்திருப்பார். அதையும் கணக்கில் வையுங்கள்.

## காரங்காடு

பெயர் பலருக்குத் தெரியாது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகத் தொண்டிச் சாலை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வந்துவிடும். ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்துகிற சுற்றுலா. படகு ஓட்டுபவரும் ஊர்க்காரர், சமைத்துப் போடுபவர்களும் ஊர்ப் பெண்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஊருக்குள்ளேயே தங்கும்.

இங்கே பெரிய மிருகம் எதுவும் கிடையாது, அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் சின்ன உயிர்களைக் கிட்டத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் மூன்றிலும் இல்லை. போன தடவை, கால்வாயின் குறுகலான இடத்தில் படகுக்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "சத்தம் போடாம இருங்க" என்றார். ஒரு நிமிடம் சேறு மட்டும்தான் தெரிந்தது. சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அலையாத்தி மரம் காற்று வாங்குவது அந்த வேர்களால்தான். பிறகு வளைக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நகம் அளவு உடம்பு, அதில் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிது. அதை மேலும் கீழும் ஆட்டியது. பக்கத்து வளையில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை முழுக்கக் கொடுக்குகள் ஆடத் தொடங்கின. பெண் நண்டைக் கூப்பிட ஆண் நண்டுகள் காட்டும் சைகை அது. என் அக்கா மகன், கைப்பேசி இல்லாமல் ஐந்து நிமிடம் உட்காராத பையன், படகின் விளிம்பில் தாடையை வைத்தபடி அசையாமல் இருந்தான்.

துடுப்புப் படகும் உண்டு. இரண்டு பேர் உட்கார்ந்து தாங்களே தள்ளிப் போகலாம். உயிர்க்கவசம் கட்டித்தான் ஏற்றுவார்கள். சவாரி, சாகசம் என்று கேட்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது போதும், கைவலியோடு சந்தோஷமாகத் திரும்புவார்கள். மார்கழி, தையில் போனால் வலசை வந்த பறவைகளும் நிறைய இருக்கும். கால்வாய்க்குள் காட்டின் மறைவு இருப்பதால், திறந்த கடல் கொஞ்சம் ஆடும் நாளிலும் இங்கே படகு போக வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. நிழல் குறைவு. பத்தரை மணிக்கு மேல் வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும். நீர் வற்றிய நேரமாக இருந்தால் சில ஓடைகளுக்குள் படகு நுழையாது, தண்ணீர் ஏறும் நேரம் எப்போது என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சாப்பாடும் முன்கூட்டியே சொன்னால்தான். மீன் குழம்பும் நண்டும் அன்றைக்குப் பிடித்ததில் செய்வார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போவது நல்லது. பேருந்தில் வந்து இறங்கித் தேடுவதும் சிரமம்.

இன்னொரு மறைந்த செலவை வண்டிக்காரர் சொல்ல மாட்டார். பெரும்பாலான வாடகை வேன்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் கணக்கு உண்டு. காரங்காட்டுக்குப் போய்வர 240 கி.மீ. தான் என்றாலும் அந்தக் குறைந்தபட்சத்துக்கே காசு வாங்குவார்கள். மிஞ்சுகிற தூரத்தை வீணாக்காமல், திரும்பும் வழியில் காளையார்கோவிலில் இறங்கிக் கோபுரத்தையும் மருது பாண்டியர் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

## தேக்கடி

யானை பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும், தேக்கடியைத் தேர்ந்தெடுக்க. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் தேங்கிய ஏரி இது. வைகையில் சேர்ந்து மதுரைக்கு வரும் தண்ணீரின் மூலத்தில் நாம் படகில் மிதக்கிறோம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், வீட்டுக் குழாயைத் திறக்கும்போது அவர்களுக்கு நினைவு வரும்.

படகு நாளுக்கு ஐந்து முறை. 7.30, 9.30, 11.15, 1.45, 3.30 என்பது நெடுங்கால வழக்கம். சவாரி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மிருகம் பார்க்க முதல் படகும் கடைசிப் படகும்தான் நல்லது. மதுரையிலிருந்து முதல் படகைப் பிடிக்க விடிகாலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு அது கொடுமை. அதனால் நான் 3.30 படகை வைத்துத் திட்டமிடுவேன். வழியில் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் இறங்கலாம், குமுளியில் மதியச் சாப்பாடு, பிறகு படகு. வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும்.

யானை வருமா? மாசி, பங்குனி, சித்திரையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றும்போது கரைக்கு வரும். அப்போது வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, காடெல்லாம் ஈரமாக இருக்கும்போது அது ஏன் உங்களைப் பார்க்கக் கரைக்கு வர வேண்டும்? அப்போதும் காட்டுமாடும் கடமானும், நீரில் நிற்கும் பட்ட மரங்களின் மேல் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்களும் பெரும்பாலும் தென்படும். நாள் முழுக்க மூங்கில் தெப்பத்தில் போகும் பயணமும் உண்டு. மூன்று ஊரிலும் உண்மையான சாகசம் என்றால் என் கணக்கில் அதுதான். ஆனால் காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அதனால் முதல் நாளே குமுளியில் தங்க வேண்டும். ஒரு நாள் கணக்கில் வராது.

2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கரையில் மிருகம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது நம் இயல்பு. எழாதீர்கள், பிள்ளைகளையும் எழ விடாதீர்கள், உயிர்க்கவசத்தின் பட்டையை உங்கள் கையாலேயே இறுக்குங்கள்.

செலவு இங்கே பல கையில் பிரியும். வாடகை வேன் என்றால் கேரள எல்லையில் தனி வரி. சொந்த வண்டியையும் ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு அவர்கள் பேருந்தில்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும். நுழைவுக் கட்டணம் வேறு, படகுக் கட்டணம் வேறு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டத்தால் வண்டிகளைக் கம்பமெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு ஏறுங்கள்.

## யாருக்கு எது?

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், முதல் பயணம் என்றால் நான் தயங்காமல் காரங்காடு என்பேன். தூரம் குறைவு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், பார்க்கப் போன உயிரைப் பார்க்காமல் திரும்ப வாய்ப்பு மிகக் குறைவு.

படிக்கிற வயதுப் பிள்ளைகள், கூட வருபவர்கள் கோயிலை இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கச் சம்மதித்தவர்கள், மாதமோ தை, மாசி என்றால் குருசடைதான். அதற்கு இணை எதுவும் இல்லை. பெரியவர்கள் கோயிலை விட்டுத்தர மாட்டார்கள் என்றால் குருசடையை விட்டுவிட்டு, கோயிலும் தனுஷ்கோடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பிடிக்கப் போனால் கோயிலில் நிற்கும்போது படகு நினைப்பாகவும், படகில் இருக்கும்போது கோயில் நினைப்பாகவும் போய்விடும்.

அதிகம் நடக்க முடியாத தாத்தா, பாட்டிக்குத் தேக்கடி தோது. பேருந்தில் இறங்கியபின் படகுத்துறைக்கு நடக்கும் தூரம் மட்டும்தான், மிச்சமெல்லாம் உட்கார்ந்த இடத்தில். ஆனி, ஆடியில்தான் விடுமுறை கிடைக்கிறது என்பவர்களுக்கும் தென்கடலைவிட இதுவே மேல். குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் படகு நேரத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். அதை முளையடித்த பிறகு மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டுங்கள். கிழக்கே போவதாக இருந்தால் முதல் நாள் மாலைச் செய்தியில் பாம்பன் துறைமுகம் பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்று கவனியுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் அன்றிரவே வேன்காரருக்குச் சொல்லிவிடலாம், பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.